ஹாபிழின் தொண்டை

கடந்த வருட நோன்பில், மாதம் பாதி கழிந்திருந்த சமயம், இரவில் நீண்டு ஓதித் தொழும் தராவீஹ் தொழுகையின் நடுவில் என் கணவர் ஹுதைபாவின் குரல் நின்றுபோனது.

நான் மேல்மாடியில் பெண்களோடு நின்றிருந்தேன். அவருக்குத் தடிமன் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். ஓதிக்கொண்டே வந்தவர் ஒரு சொல்லில் தடுமாறினார், இருமினார், பிறகு ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. முதல் வரிசையில் நின்ற ஒருவர் முன்னால் வந்து அந்தத் தொழுகையை எப்படியோ முடித்து வைத்தார்.

ஹுதைபா ஒரு ஹாபிழ், திருமறை குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பக்கமாக இருக்கும் எங்கள் பள்ளிவாசலில் நோன்பு மாதம் தராவீஹ் தொழுவிப்பது அவர் பொறுப்பு. நாளுக்கு ஒரு பகுதியாக ஓதிக்கொண்டே போய், மாதக் கடைசியில் முழுவதையும் ஓதி முடிப்பதைத் தமாம் என்போம். அந்த வருடம் தமாம் செய்தது அவரல்ல. அக்குறணையிலிருந்து அஸீம் என்ற இன்னொரு ஹாபிழைக் கூட்டி வந்தார்கள். நல்ல குரல். பெருநாள் முடிந்த பிறகும் ஊரில் அந்தக் குரலைப் பற்றித்தான் பேச்சு. ஹுதைபா அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் அக்குறணை பஸ் எங்களைக் கடந்து போனால்கூட முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

இந்த வருடம் நோன்புக்கு முன்னமே காய்ச்சல் தொடங்கிவிட்டது. பாலத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பார்மசியில் நான் மருந்தாளராக இருக்கிறேன். காலையில் ஆற்றின் மேல் பனி கலைய முதலே சனம் வந்து நிற்கும். சிங்களத்தில் ஒருவர், தமிழில் ஒருவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரே மருந்தைக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து ஹுதைபாவிடம் சொன்னேன், இது போன வருடத்தைவிடப் பலமாக இருக்கிறது என்று. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஷஹ்மா, தொண்டைக்கு ஒங்கட பார்மசில என்ன ஈக்கு?"

"வருத்தம் வந்ததுக்கப்புறமா, வர முந்தியா?"

"வர முந்தி."

கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் அவர் என்னிடம் மருந்து பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தொண்டையைக் கொப்பளிக்க அயடின் கலந்த மண்ணிற மருந்து ஒன்று இருக்கிறது, மூக்குக்கென்றே செய்த ஸ்ப்ரேயும் இருக்கிறது, காய்ச்சல் கிருமி முதலில் வந்து ஒட்டுவது அந்த இரண்டு இடத்திலும்தான் என்று.

"அப்ப அத அடிச்சா வராது?"

"அப்பிடிச் சொல்ல மாட்டன். ஒட்டுற கிருமியக் கொஞ்ச நேரத்துக்குக் கொறைக்கும். சில ஆய்வுல வருத்தம் கொறஞ்சீக்கு. சிலதுல பெரிய வித்தியாசமில்ல. ஊசி போடணும், கை கழுவணும், இருமுற ஆளுக்குக் கிட்டப் போகாம ஈக்கணும். அதுகளோட சேத்து இதையும் செய்யலாம். இத மட்டும் நம்ப ஏலா."

அவர் சிரித்தார். "வாயும் மூக்கும் கழுவுறது எங்களுக்குப் புதுசா? தொழ முந்தி ஒவ்வொரு வுழூவுக்கும் அதத்தானே செய்றோம்."

"அது தண்ணி. இது மருந்து. கூடப் போட்டா தொண்டை புண்ணாகும், பொறகு ஓதவே ஏலாது."

அந்த வார்த்தை அவருக்குத் தைத்தது. அடுத்த கிழமையே கண்டி டவுனுக்குக் கூட்டிப்போய் ப்ளூ காய்ச்சலுக்கான ஊசி போடவைத்தேன். அவருக்குத் தைரொய்ட் கோளாறோ அயடின் ஒவ்வாமையோ இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, போத்தலில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து கொப்பளிக்கப் பழக்கினேன். முதல் நாள் முகத்தைச் சுளித்துத் துப்பினார். மூன்றாம் நாள் ஓதுவதற்கு முன் தானே கேட்டு வாங்கினார்.

நேரம் வகுத்தது அவர்தான். பகலில் ஸ்ப்ரே அடித்தால் அது தொண்டைக்குள் இறங்கும், நோன்புக்கு ஆகாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அது அவருடைய பாடம், நான் வாய் திறக்கவில்லை. நோன்பு திறந்த பிறகு ஒரு தடவை, தொழுவிக்கப் போக முதல் ஒரு தடவை, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. அதற்குமேல் தேவையில்லை என்றேன், அது என்னுடைய பாடம்.

எங்களோடு இருக்கும் மாமி, ஹுதைபாவின் தாய் ஆஸியா உம்மா, கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்தார்.

"எனக்கும் அந்த மண்ணிறத் தண்ணியத் தாங்க மகள்."

"ஒங்களுக்குத் தைரொய்ட் மாமி. அயடின் வேணாம். ஒங்களுக்கு உப்புத் தண்ணி."

"மகனுக்கு மருந்து, உம்மாக்கு உப்பா?" என்றார். ஆனால் இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் வைத்தால் முதலில் வந்து கொப்பளிப்பது அவர்தான்.

இந்த விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. நோன்புக்கு முந்திய கிழமை ஹில்மி ஹாஜியார் பார்மசிக்கு வந்தார். பள்ளிவாசல் நிர்வாக சபையின் தலைவர், டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும் அவருக்கு. வந்ததும் மண்ணிறக் கிருமிநாசினியில் பெரிய கேன்களாக எத்தனை இருக்கிறது என்று கேட்டார்.

"என்னத்துக்கு ஹாஜியார்?"

"பள்ளிக்கு. வுழூ செய்ற எடத்துல வெக்கிறது. வாற ஆளெல்லாம் வாயையும் மூக்கையும் அதால கழுவிட்டு உள்ளுக்கு வரட்டும். ஒங்கட ஊட்டு ஹஸரத் அதத்தானே பாவிக்கிறார்?"

அவர் கையில் எடுத்த கேன் காயத்துக்குப் போடுவது. அதைத் தண்ணீர் கலக்காமல் மூக்குக்குள் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குத் தொண்டை எரிந்தது.

"இத ஒங்களுக்கு விக்க மாட்டன்," என்றேன்.

அவர் பின்னால் திரும்பி, யாரும் கேட்டார்களா என்று பார்த்தார்.

"கோபிக்க வேணாம். இது காயத்துக்கு. மூக்குக்கு வேற, வாய்க்கு வேற. தைரொய்ட் உள்ளவங்க, வயித்துல புள்ள உள்ளவங்க, சின்னப் புள்ளகள் எல்லாருக்கும் இது சரிவராது. இன்னொன்டு ஹாஜியார், காய்ச்சல்காரன் உட்பட எல்லாரும் ஒரே எடத்துல நின்டு காறித் துப்பினா, வருத்தம் கொறையுமா கூடுமா?"

ஹாஜியார் கேனைக் கீழே வைத்தார். "அப்ப நான் சும்மா ஈக்கணுமா? போன வருஷம் முதல் சப்பு வரிசைல நின்ட வயசான மனுஷங்க ரெண்டு பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோமே."

அப்போதுதான் புரிந்தது, மனிதர் விளம்பரத்துக்கு வரவில்லை. உண்மையில் பயந்து போயிருந்தார். நான் கவுண்டருக்கு வெளியே வந்து பக்கத்துக் கதிரையைக் காட்டினேன், உட்கார்ந்தார்.

"ஜன்னலத் தொறங்க," என்றேன். "ஏசி பூட்டினதுக்கப்புறம் எல்லாத்தையும் மூடிட்டீங்க. அவ்வளவு சனமும் ஒரே காத்தத்தான் இழுக்கிறோம். காய்ச்சல், இருமல் உள்ளவங்க ஊட்டுலயே தொழட்டும் எண்டு நீங்களே அறிவியுங்க. கொப்பளிக்கிற ஆள் அவரவர் ஊட்டுல கொப்பளிச்சிட்டு வரட்டும்."

"ஏசிக்கு ஊரெல்லாம் சல்லி சேத்தது நான்தான் மகள்."

"தெரியும். இந்தக் குளிருக்கு அது தேவையில்லயே."

அவர் எழுந்து போய்விட்டார். முதல் தராவீஹுக்கு நான் மாடிக்குப் போனபோது ஆற்றுப் பக்கத்து ஜன்னல்கள் மட்டும் திறந்திருந்தன. ரோட்டுப் பக்கம் மூடியே இருந்தது, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாதி வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹுதைபாவின் குரல் அன்று கணீரென்று இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் திறந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் தொழுகை முடிந்து சலாம் கொடுத்தவுடன் என் பக்கம் திரும்பி, "ஹஸரத்துக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அவருக்கு அந்தப் பெருமை கொஞ்சம் கூடிப்போனது. நோன்பு பாதியை நெருங்கும்போது ஒருநாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வெகுநேரம் வரவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு வந்தார். அவருடைய கூட்டாளி இல்ஹாம், த்ரீவீல் ஓட்டுபவர், காய்ச்சலில் கிடக்கிறாராம். பார்த்துவிட்டு வந்தாராம்.

"எவ்வளவு நேரம் ஈந்தீங்க?"

"கொஞ்சம் கூடத்தான். மனுஷன் எழும்பவே ஏலாம கெடக்கிறான். பக்கத்துல இருந்து ஓதிட்டு வந்தன்."

"ரூம்ல ஜன்னல்?"

"குளிருதெண்டு மூடியீந்தான்."

"மாஸ்க்?"

"ஸஹருக்கு மருந்து அடிச்சேனே ஷஹ்மா."

கஞ்சிக் கோப்பையை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டேன். "விடிய முந்தி அடிச்சது பின்னேரம் வரைக்கும் நிக்குமா? நான் முதல் நாளே சொன்னன், இத மட்டும் நம்ப ஏலா எண்டு. நோயாளியப் பாக்கிறது நல்ல விஷயம். வாசல்ல நின்டு பாத்தீக்கலாம்."

அவர் பேரீச்சம்பழத்தை எடுத்து அப்படியே கையில் வைத்திருந்தார். பிறகு, "சரி. பிழைதான்," என்றார். பிழை என்று பட்டால் அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடிக்காது. அந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு அவரோடு கனநேரம் சண்டை போட முடிவதில்லை.

நாள் ஒன்று போனது, அடுத்த நாளும் போனது. அதற்கடுத்த நாள் நோன்பு திறந்த கையோடு அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், சுட்டது. தொண்டையில் நோவு இல்லை, குரலிலும் மாற்றமில்லை, உடம்பு மட்டும் உளைகிறது என்றார். பார்மசியிலிருந்து கொண்டு வந்து அலுமாரியில் வைத்திருந்த சோதனைப் பெட்டியை எடுத்தேன். மூக்கில் குச்சி விட்டு, துளி வைத்து, இருவரும் காத்திருந்தோம். ப்ளூ என்று எழுதியிருந்த இடத்தில் கோடு மெல்லத் தெரிந்து தடித்தது.

தராவீஹுக்கு முன் வரும் இஷா தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

"குரல் நல்லாத்தான் ஈக்கு," என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை. மெல்லிய குரலில் அன்றைக்கு ஓத வேண்டிய பகுதியைத் தொடங்கிப் பார்த்தார். அழகாக வந்தது. ஒரு இடத்திலும் பிசிறவில்லை. நான் சோதனைக் குச்சியைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன ஓடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போய் நின்றால் யாருக்கும் தெரியாது. குரல் போகாவிட்டால் இந்த வருடம் தமாம் அவருடையது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என் முடிவாகப் போயிருக்கும்.

"முதல் சப்புல சுலைமான் அப்பா நிக்கிறார்," என்றார் ஹுதைபா. "அவருக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்கிறாங்க. அவரோட பக்கத்துல நிக்கிறவருக்கு நெஞ்சுல ஒபரேஷன் முடிஞ்சு இன்னும் மூணு மாசமாகல்ல." எழுந்தார். "போனத் தாங்க."

ஹில்மி ஹாஜியாரோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஹாஜியார், எனக்கு ப்ளூ. சோதிச்சுப் பாத்தாச்சு. இன்டைக்கி வர ஏலா."

"குரல் நல்லா ஈக்கே ஹஸரத்."

"ஓ. குரலுக்கு ஒன்டுமில்ல."

"அப்ப மாஸ்க் ஒன்டப் போட்டுட்டு வாங்களேன். நீங்கதான் அந்த மருந்தெல்லாம் அடிக்கிறீங்களே."

"அது எனக்கு வராம ஈக்க அடிச்சது ஹாஜியார். வந்திட்டு. இனி மத்தவங்களுக்குப் போகாம ஈக்கணுமெண்டா நான் ஊட்டுல ஈக்கணும். அக்குறணைக்குப் போன் எடுங்க. அஸீம் ஹாபிழ் இந்த வருஷம் எங்கயும் தொழுவிக்கல்ல. பைக்ல வந்தா இஷாக்குச் சேருவார். ஓதல் எங்க நிக்குதெண்டு நானே அவருக்குச் சொல்றன்."

அஸீமின் பெயரைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நெருடலும் இல்லை. போனை வைத்த பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போகப் பார்த்தேன்.

"கிட்ட வர வேணாம். மாஸ்க் போட்டுட்டு வாங்க," என்றார்.

அன்றிலிருந்து அவர் முன்னறையில், ஜன்னலை அகலத் திறந்துகொண்டு. மருத்துவர் சொன்ன மருந்தை எடுத்தார், சுகமில்லாத நாட்களின் நோன்பைப் பின்னால் பிடிப்பதாக வைத்துக்கொண்டார். மாமியும் நானும் பின்பக்கம். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். கை கழுவுவேன், கொப்பளிப்பேன், ஸ்ப்ரே அடிப்பேன். மாமிக்கு உப்புத் தண்ணீர். "இப்ப மகன விட எனக்குத்தான் மருந்து கூட," என்று மாமி முணுமுணுத்தார். அவருக்கும் எனக்கும் தும்மல்கூட வரவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் அஸீம் ஹுதைபாவுக்குப் போன் எடுத்தார். முன்னறையிலிருந்து ஹுதைபா பேசுவது எனக்குக் கேட்டது. முதலில், முந்திய இரவு அஸீம் எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே தொடங்க வேண்டும் என்ற பேச்சு. பிறகு அஸீம் அன்றைய பகுதியைப் போனிலேயே ஓதிக் காட்ட, இவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் திருத்தினார். இன்னொரு இடத்தில் அஸீம் இவரைத் திருத்தினார், இருவரும் சிரித்தார்கள். அடுத்த நாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அதற்கடுத்த நாள், போன் வர முதலே ஹுதைபா அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வருஷம் ஒங்கட எடத்துல நின்டு ஓத எனக்கு மிச்சம் பயமா ஈந்துச்சு," என்று அஸீம் சொன்னாராம். "பின்னால நிக்கிற எல்லாரும் ஒங்கட குரலத்தான் தேடுறாங்களெண்டு நெனச்சன்."

இதை என்னிடம் வாசலில் நின்று சொன்னபோது ஹுதைபாவின் முகத்தில் இருந்த வியப்பை நான் மறக்க மாட்டேன். ஒரு வருடமாக இருவரும் ஒரே விஷயத்துக்குப் பயந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு பஸ் ரூட்.

பள்ளிவாசலிலும் மாற்றம் நடந்திருந்தது. ஹஸரத்துக்கே காய்ச்சல் என்று தெரிந்த அன்றே ஹாஜியார் ஏசியை நிறுத்திவிட்டு ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களையும் திறந்தார். அதோடு நிற்கவில்லை. வாசலில் தானே நின்று, இருமிக்கொண்டு வந்தவர்களைத் தோளில் கை போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அவருடைய சொந்த மச்சானே திரும்பிப் போக வேண்டி வந்தது. "ஹஸரத்தே ஊட்டுல ஈக்கிறார், ஒனக்கென்ன?" என்று கேட்டாராம்.

சனம் ஹுதைபாவைப் பற்றி என்ன பேசுவார்களோ என்றுதான் நான் கவலைப்பட்டேன். பேசினார்கள்தான், ஆனால் நான் பயந்த மாதிரியல்ல. சுலைமான் அப்பாவின் மகள் பார்மசிக்கு வந்து ஒரு பெட்டி தோடம்பழம் வைத்துவிட்டுப் போனார். "வாப்பா குடுக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

காய்ச்சல் விட்டு, உடம்பு தெளிந்து, சோதனையில் கோடு வராமல் போகும் வரை ஹுதைபா வெளியே வரவில்லை. நோன்பின் கடைசிப் பத்து நாட்களின் நடுவில்தான் பள்ளிவாசலுக்குப் போனார், அஸீமுக்குப் பின்னால் முதல் சப்பில் நின்று தொழ. முதல் தொழுகை முடிந்ததும் அஸீம் பின்னால் திரும்பி இவர் கையைப் பிடித்து முன்னால் விட்டார். இவர் மறுத்தார். ஹாஜியார் எழுந்து, "ரெண்டு பேரும் பாதி பாதியாத் தொழுவிங்க, நேரம் போகுது," என்று தீர்த்து வைத்தார். மிச்ச நாட்கள் அப்படியே போயின. முன்பாதி அஸீம், பின்பாதி ஹுதைபா.

தமாம் அன்றைக்கு மாடியில் நிற்க இடமில்லை. அஸீம் ஓதும்போது ஆறு இறங்குவது போல இருந்தது. ஹுதைபா ஓதும்போது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசி வரியை முடித்து அவர் நிறுத்தியபோது என் பக்கத்தில் இருந்த மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், துஆப் பிரார்த்தனை முடியும் வரை விடவில்லை.

கீழே இறங்கியபோது ஹாஜியார் படிக்கட்டருகே நின்றார்.

"மகள், இந்த வருஷம் முதல் சப்புல ஒரு ஆளும் ஆஸ்பத்திரிக்குப் போகல்ல. ஒங்கட மருந்தாலயா, ஜன்னலாலயா?"

"எனக்குத் தெரியாது ஹாஜியார்," என்றேன். "ஊசி, ஜன்னல், கொப்பளிச்சது, ஊட்டுல ஈந்தது எல்லாத்தையும் ஒன்டாத்தானே செஞ்சோம். பிரிச்சுச் சொல்ல ஏலா. அடுத்த வருஷமும் எல்லாத்தையும் செய்வோம்."

"பெருநாளைக்குப் பொறகு ஒரு நாள் பொம்பளைகளுக்கு இதப் பத்திக் கதைங்க. ஆம்பளைகளுக்கு நான் சொல்றன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க, அதால நீங்க சொன்னதாச் சொல்வன்."

பாலத்துப் பக்கமாக ஹுதைபா, மாமி, நான் மூவரும் நடந்தோம். ஹுதைபா வழக்கத்துக்கு மாறாக விடாமல் கதைத்துக்கொண்டு வந்தார். நிர்வாக சபை ஒரு முடிவு எடுத்திருக்கிறதாம். அடுத்த வருடத்திலிருந்து தொடக்கத்திலேயே இரண்டு ஹாபிழ்கள். யாருக்குச் சுகமில்லை என்றாலும் கூச்சப்படாமல் வீட்டில் இருக்கலாம், மற்றவர் பார்த்துக்கொள்வார். கேட்டது ஹுதைபாதான், ஹாஜியார் உடனே சரி என்றுவிட்டாராம்.

"அஸீம் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"இந்த ஞாயித்துக்கெழம அக்குறணைக்கு வரச் சொன்னார். ஒங்களையும்தான். அவர்ட பொஞ்சாதி சகீனாக்கு ஸ்ப்ரே பத்திக் கேக்கணுமாம்."

"அவங்களுக்குத் தைரொய்ட் ஈக்கா எண்டு முதல்ல கேளுங்க," என்றேன்.

அவர் அங்கேயே நின்று, போனை எடுத்து, அஸீமுக்கு அழைத்தார்.